அடிமைக்கு ஒரு வரி

மார்செய்
9 மார்ச் 1986

அன்புள்ள டிபோர் அக்காவுக்கு,

தம்பி லாதீர் எழுதுவது. நான் நலம், இருமல் போய்விட்டது. நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பிஞ்ஞோனாவில் வெயில் ஆரம்பித்திருக்குமே.

இதை உட்கார்ந்துகொண்டு படி. இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் துறைமுகத்தில் பெட்டி தூக்கினேன். நம் ஆட்கள் நடத்தும் சின்னப் பத்திரிகைக்குச் சும்மா படம் போட்டுக் கொடுத்தேன். இப்போது பாரிஸிலிருந்து வரும் பெரிய நையாண்டி வார இதழ் ஒன்று என் கேலிச்சித்திரத்தை எடுத்துக்கொண்டது. எந்தச் சித்திரம் தெரியுமா? உன் கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னேனே, அதேதான். ஜோலாக்காரன் வீடு பற்றி எரிகிறது. அவன் சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவருகிறான். பெண்டாட்டி உள்ளே நின்று கத்துகிறாள்.

ஆசிரியர் பெர்னார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "உங்க ஆப்பிரிக்காவுல இன்னொரு இனத்தை இப்படிக் கிண்டல் பண்ணலாமா? அடிக்க வரமாட்டாங்களா?"

நான் சொன்னேன்: "நாங்க செரேர். ஜோலாக்காரன் எங்களுக்கு அடிமை, நாங்க அவனுக்கு அடிமை. அந்தக் காலத்துல ஒரே படகுல வந்த அக்கா தங்கச்சி வயித்துப் பிள்ளைங்க. படகு ரெண்டாப் பிளந்து ஒருத்தி வடக்க ஒதுங்கினா, ஒருத்தி தெற்க ஒதுங்கினா. அதனால நாங்க ஒருத்தரை ஒருத்தர் என்ன வேணாலும் சொல்லிக்கலாம். கோவப்பட்டா அவனுக்குத்தான் அவமானம்." அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜோலாக்கார மச்சானிடம், என் அடிமை லாந்திங் பாஜியிடம் சொல், அவன் தொப்பை பாரிஸ் போகிறது.

எல்லோருக்கும் என் சலாம். பதிலைத் தாமதிக்காதே.

உன் தம்பி,
லாதீர் ஃபாய்

*

பிஞ்ஞோனா
2 ஏப்ரல் 1986

தம்பி லாதீருக்கு,

சமாதானமா? இங்கே சமாதானம் மட்டுமே. பதினோரு வருஷம் ஜோலா வீட்டில் இருந்ததில் இந்தப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் கேட்டவர்களுக்கு இவர்கள் இதைத்தான் சொல்வார்கள். என் முதுகு பரவாயில்லை. பிள்ளைகள் சுகம். நீ கழுத்துத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். உன் மச்சான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். "அந்தப் பய தொப்பையைச் சின்னதா போட்டிருந்தான்னா விடமாட்டேன். ஊர்ல பேர் வாங்கின வயிறு இது" என்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. தான் வேலை பார்க்கும் நெல் திட்ட அலுவலகத்திலும் சொல்லிவிட்டாராம். அங்கே புதிதாக ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் வந்திருக்கிறார், அவரிடமும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி தூக்கித் தூக்கி உன் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று போன வருஷம் போட்டோவைப் பார்த்து அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை.

வழக்கம்போலக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவைப் பிடுங்குகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா டிபோர்

என் செரேர் அடிமைக்கு: எஜமானைப் படம் போட அனுமதி தந்தோம். கூலியாக இந்த மழைக்கு வந்து என் வயலில் ஒரு வாரம் மண் வெட்டு. கம்பஞ்சோறு தின்ற கைக்கு எங்கள் நீள மண்வெட்டி தாங்குமா தெரியவில்லை. பானை விஷயத்துக்கு என்னிடம் ஒரு பதில் வரும். பதினோரு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் பழுக்கவில்லை. லா. பாஜி.

*

மார்செய்
4 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கழுத்துத் துணி கட்டுகிறேன், நம்பு.

இதழின் பக்கத்தைக் கத்தரித்து உள்ளே வைத்திருக்கிறேன். முழுப் பக்கம்! மூலையில் என் பெயர் இருக்கிறது பார். அடியில் நான் எழுதிக் கொடுத்தது 'ஜோலா வீட்டில் தீ'. அதை 'ஆப்பிரிக்கா: நம் உதவி போய்ச் சேர்ந்தது' என்று மாற்றிவிட்டார்கள். ஜோலா என்றால் இங்கே எவனுக்கும் தெரியாதாம். பஞ்ச நிவாரணம் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். உதட்டைத் தடிப்பாக்கச் சொன்னார் பெர்னார், கடைக்காரன் தொங்கவிட்டால் தூரத்திலிருந்தே தெரியவேண்டுமாம். மை கொஞ்சம் கூடுதலாகச் செலவானது, அவ்வளவுதான்.

பெரிய செய்தி இனிமேல்தான். அக்டோபர் முதல் வாரா வாரம் ஒரு பக்கம் எனக்கு. 'பானைக்காரன்' என்று தலைப்பு. பானையோடு விமானத்தில் போகிறான், பானையோடு மந்திரியைப் பார்க்கிறான். இனிப் பெட்டி தூக்க வேண்டாம் அக்கா.

என் அடிமைக்கு: பார்த்தாயா, தொப்பையைக் குறைக்கவில்லை. பதில் பழுத்ததா?

பிள்ளைகளுக்கு முத்தம்.
லாதீர்

*

பிஞ்ஞோனா
18 ஜூன் 1986

தம்பி லாதீருக்கு,

சமாதானமா? இங்கே சமாதானம் மட்டுமே.

முதல் மழை பெய்துவிட்டது. சமையலறைக் கூரை ஒழுகியது, புதுக் கோரை வாங்கிப் போட்டோம். சின்னவளுக்குப் பல் விழுந்தது. பக்கத்து வீட்டு ஆடு என் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது, அவர்களோடு இரண்டு நாள் பேச்சில்லை, பிறகு பேசிவிட்டோம்.

நீ அனுப்பிய பக்கம் வந்து சேர்ந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. உன் மச்சான் அதை மடங்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்.

இப்போதெல்லாம் வீட்டில் கம்புதான். நம் சொந்த ஊர் ஃபாதிக் பக்கத்துக் கம்பு சந்தையில் நல்லதாகக் கிடைக்கிறது. அவரும் அதையே சாப்பிடுகிறார். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அக்கா டிபோர்

*

மார்செய்
10 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். லாந்திங் பாஜி கம்பஞ்சோறு தின்கிறானா? ஒரு ஜோலாக்காரன், அரிசிச் சோறு இல்லாமல்? நாள் குறித்து வை அக்கா. நாம் ஜெயித்தோம். இதையும் வரையப்போகிறேன்.

ஆனால் என் அடிமையின் வரி எங்கே? உன் கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கிறது. தோற்றவனுக்குப் பேனா கனக்கிறதோ? ஆறு வருஷத்தில் ஒரு கடிதம்கூட அவன் திட்டாமல் வந்ததில்லை. அந்தத் திட்டைப் படிக்கத்தான் முதலில் தாளின் அடிக்குப் போவேன், உனக்குத் தெரியாது.

தொடருக்கு எட்டுப் படம் முடித்துவிட்டேன். உன் முதுகு எப்படி? மழையில் அதிகம் குனியாதே.

லாதீர்

*

பிஞ்ஞோனா
30 ஆகஸ்ட் 1986

தம்பிக்கு,

சமாதானம் மட்டுமே.

நாற்று நடவு நடக்கிறது. காலையில் போனால் இருட்டும்போதுதான் வருகிறேன். கை முழுக்கச் சேறு, எழுத முடியவில்லை. எல்லோரும் நலம். அவரும் நலம். நீ நலமாக இரு.

டிபோர்

*

மார்செய்
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி? உண்மையாகக் கேட்கிறேன், அந்த 'மட்டுமே' வேண்டாம்.

போன வாரம் பெர்னார் என்னைப் பாரிஸுக்குக் கூப்பிட்டு மதியச் சாப்பாடு போட்டார். இதழில் படம் போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் தட்டில் இரண்டாம் தடவை சோறு வைத்துக்கொண்டேன். எதிரே இருந்தவர், "லாதீர், இப்போ தீப்பிடிச்சா எதைத் தூக்கிட்டு ஓடுவே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி திருப்பிக் கொடுத்தேன். "பெர்னாரை உள்ளயே விட்டுடுவேன். அந்தத் தொப்பையைத் தூக்க நாலு ஆள் வேணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை அக்கா. ஒருவர் ரொட்டியைப் பிய்த்தார். பெர்னார் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர்கள் என்னைச் சொல்லலாம், நான் அவர்களைச் சொல்லக்கூடாது. மிச்சச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது உன் கடைசி இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் கீழே வெறும் தாள். மச்சான் சோறு தின்னாததற்கு நான் சிரித்தேன். என்ன நடந்தது? எதையும் மறைக்காமல் எழுது.

லாதீர்

*

பிஞ்ஞோனா
12 அக்டோபர் 1986

லாதீர்,

நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே சமாதானம் இல்லை. கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

உன் படத்தை அவரேதான் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினார். "என் மச்சான் வரைஞ்சது, இந்த வயிறு என்னோடது" என்று பெருமையாகச் சொன்னாராம். அந்தப் பொறியாளர் பார்த்துச் சிரித்துவிட்டு, அதை அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி மாட்டினார். அன்றிலிருந்து உன் மச்சானுக்கு அலுவலகத்தில் பெயர் கிடையாது. "பானை, அந்த வரப்புக் கணக்கு எங்கே? பானை, வண்டியைக் கழுவியாச்சா?" வயல் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களிடம் எல்லாம் பலகையைக் காட்டி, "இதோ, நேர்லயே பாருங்க" என்கிறாராம்.

இது எனக்கே ஆகஸ்டில்தான் தெரியும். கூட வேலை செய்கிறவர் சொன்னார். அதுவரை ஏன் சோறு வேண்டாம் என்கிறார் என்று புரியாமல் கம்பு இடித்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது சொன்னார்: "பானையைத் திறந்தாலே அவன் குரல் கேக்குது."

"திருப்பி ஒரு வார்த்தை சொல்றதுதானே?" என்றேன்.

"அவன்கிட்ட என்னத்தைச் சொல்றது? அவன் எந்தப் படகுல வந்தவன்? உன் தம்பி திட்டினா நான் திட்டுவேன், கணக்கு நேராயிடும். இவன் என்னைச் சொல்றான், நான் இவனைச் சொன்னா வேலை போயிடும்."

"லாதீர் மேல கோவமா?"

"அடிமை மேல எவனாவது கோவப்படுவானா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கோபப்பட வழக்கம் விடாது. சிரிக்க மனம் விடவில்லை. அதனால்தான் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

பதினோரு வருஷமாக நீங்கள் இருவரும் கத்திக்கொள்வதைக் கேட்டு அலுத்துப்போனவள் நான். இப்போது இந்த வீட்டில் சத்தமே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

டிபோர்

*

மார்செய்
30 அக்டோபர் 1986

மதிப்புக்குரிய திரு லாந்திங் பாஜி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என்னுடைய சித்திரத்தால் தங்களுக்கு நேர்ந்த அவமானத்தை அறிந்து மிகவும் வருந்துகிறேன். தங்களைப் பற்றி இனி எந்தக் கேலியும் சொல்லவோ வரையவோ மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். தயவுசெய்து என்னை மன்னியுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
லாதீர் ஃபாய்

*

பிஞ்ஞோனா
20 நவம்பர் 1986

அட முட்டாளே,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். "திருன்னு போட்டிருக்கான். தாங்களாம்! நான் அவனுக்கு என்ன தப்பு பண்ணேன், இப்படி அந்நியனாக்கிட்டான்?" என்றார். கண் கலங்கிவிட்டது லாதீர். அந்தப் பொறியாளர் பானை என்று கூப்பிட்டபோது அழாத மனிதர்.

'இனி எந்தக் கேலியும் சொல்ல மாட்டேன்' என்று எழுதினாயே, அதற்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று ஆறு வருஷத்தில் மறந்துபோச்சா? உறவை வெட்டிவிட்டேன் என்று அர்த்தம். ஜோலாவும் செரேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன சாவு விழுந்தது என்று கேட்பார்கள். இப்போது அவருக்கு அங்கேயும் பேச ஆளில்லை, இங்கேயும் இல்லை.

அறுவடை ஆரம்பித்துவிட்டது. புது நெல் குதிரில் ஏறுகிறது. அதைச் சமைக்க வேண்டிய பானை மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. நீதான் கவிழ்த்தாய். எப்படி நிமிர்த்துவாயோ எனக்குத் தெரியாது.

கழுத்துத் துணி கட்டு.

டிபோர்

*

மார்செய்
7 டிசம்பர் 1986

சோத்துமூட்டை லாந்திங் பாஜிக்கு,

உன் எஜமான் லாதீர் ஃபாய் எழுதுவது. இன்னும் உயிரோடு இருக்கிறாயா, இல்லை கம்பஞ்சோறு செரிக்காமல் படுத்துவிட்டாயா? என் அக்காவை உனக்குக் கட்டிக்கொடுத்தது எங்கள் குடும்பம் செய்த தர்மம். அதை நீ மறந்தாலும் உன் வயிறு மறக்கக்கூடாது.

போன கடிதத்தை எழுதியவன் நான் இல்லை. இந்த ஊர்க் குளிரில் புத்தி விறைத்துப்போன எவனோ ஒருவன். அவனைத் துரத்திவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் திட்ட எனக்குக் கிடைத்த உரிமை பாஸ்போர்ட் மாதிரி சட்டைப் பையில் வரும், எங்கே வேண்டுமானாலும் காட்டலாம் என்று நினைத்தேன். அது நம் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் செல்லும் சரக்கு. நீ பதில் சொல்லப் படத்தில் ஒரு விரல் இடம்கூட நான் விடவில்லை. போதாததற்கு உன் பெயரையும் எடுக்கவிட்டேன், உதட்டையும் தடிக்கவிட்டேன். அதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. திட்டாமல் மட்டும் இருக்காதே மச்சான். என்னால் தாங்க முடியவில்லை.

தொடரை நிறுத்திவிட்டேன். நாலு வாரம் வந்தது, ஐந்தாவதை நான் கொடுக்கவில்லை. "அடுத்த பானை எங்கே?" என்று பெர்னார் கேட்டார். "அது என் மச்சான் வீட்டுப் பானை, திருப்பிக் கேக்கறாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறேன். என் தோள் எதையும் மறக்கவில்லை.

முதல் படத்தின் அசலைக் கேட்டு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வருகிறது. உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. சுவரில் மாட்டு, மூக்கைச் சிந்து, என்ன வேண்டுமானாலும் செய்.

பதில் பழுத்ததா? பழுக்காவிட்டாலும் காயாகவே அனுப்பு.

என் அக்காவை ஒழுங்காகப் பார்த்துக்கொள், அடிமையே.

உன் எஜமான்,
லாதீர்

*

பிஞ்ஞோனா
25 ஜனவரி 1987

என் தம்பி லாதீருக்கு,

சமாதானமா? இங்கே சமாதானம் மட்டுமே. இந்தத் தடவை நம்பலாம். சமையலறைக்குக் கூரை இல்லை, அது வேறு கதை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் கடிதம் முந்தின வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. 'சோத்துமூட்டை' என்ற வார்த்தையிலேயே உன் மச்சான் நின்றுவிட்டார். பிறகு சத்தம் போட்டுப் படித்தார். "எஜமானாம்! இந்த நெஞ்செலும்பு தெரியற பய எனக்கு எஜமானாம்!" என்று வீட்டைச் சுற்றி நடந்தார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் உரிக்கிறேன் என்று சொன்னேன். வெங்காயம் கையில் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனவர் நேராகப் பலகைக்குப் போய் உன் படத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பொறியாளர், "ஏய் பானை, என்ன பண்றே?" என்றாராம். "ஐயா, என் பேரு லாந்திங் பாஜி. இது எங்க வீட்டுப் பொருள். என் மச்சான் என்னைச் சொல்வான், ஏன்னா நான் அவனைச் சொல்வேன். உங்களை நான் என்ன சொல்லலாம்னு சொல்லுங்க, அப்புறம் பலகையில மாட்டிக்கலாம்" என்று கேட்டாராம். அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் பேச்சில்லை. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். மூன்றாம் நாள் மரியாதையாக 'மிசியே பாஜி' என்று ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். பிடித்துச் சொன்னாரா, பிடிக்காமல் சொன்னாரா தெரியாது. பெயரைச் சொன்னார், போதும்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "பானையைக் கழுவு" என்றார். ஏழு மாதம் கழித்துப் புது அரிசி உலையில் போட்டேன். அடுப்பை அவரே பற்றவைத்தார், இதழின் பக்கத்தையும் உன் அசலையும் சேர்த்துச் சுருட்டி உள்ளே செருகி. இதழ் உடனே கருகிவிட்டது. உன் அசல் நல்ல கெட்டித் தாள் தம்பி, குப்பென்று எரிந்தது. சோறு வெந்து இறக்கும் நேரம் காற்று அடித்தது, எரிகிற துண்டு ஒன்று மேலே போய்ப் புதுக் கோரையில் ஒட்டிக்கொண்டது.

நான் அகப்பையோடு உள்ளே நிற்கிறேன். தலைக்கு மேல் தீ. உன் மச்சான் பாய்ந்து வந்தார். வந்து எதைத் தூக்கினார் என்று நினைக்கிறாய்?

நானும் பின்னாலேயே ஓடிவந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். பாதிக் கூரை போச்சு. முற்றத்து நடுவில் அவர் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளங்கை சுட்டுக் கொப்பளித்திருக்கிறது, கீழே வைக்கத் தோன்றவில்லை. "பொண்டாட்டியை விட்டுட்டுப் பானையைத் தூக்கிட்டு ஓடறீங்களே, வெக்கமா இல்ல?" என்று நான் கத்தினேன். எனக்கு நிஜமாகவே கோபம். தெரு மொத்தமும் பார்த்தது. பிறகு பக்கத்து வீட்டு ஆட்டுக்காரி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நானும்தான்.

அவர் எனக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். "இல்ல. இதை அவனுக்குத்தான் முதல்ல சொல்லணும். பேனா எடு" என்றார்.

இதையும் நீ வரையலாம். ஆனால் இங்கே வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து வரை. சோறு இருக்கிறது. மண்வெட்டியும் இருக்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன். கையில் கட்டுப் போட்டிருக்கிறார், எழுத்து கோணலாக இருக்கும்.

அக்கா டிபோர்

என் அடிமை லாதீருக்கு: பழுத்துவிட்டது. உன் அக்காவுக்குக் கால் இருக்கிறது. பானைக்கு இல்லை. லா. பாஜி.